காற்றுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி

பழைய கட்டிடம் ஒன்றைப் பார்த்தால் நம் கண் முதலில் போவது கோபுரத்துக்கும் தூணுக்கும்தான். எத்தனை ஜன்னல், எது எந்தப் பக்கம் திறக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் சில கட்டிடங்களின் கதையே ஜன்னலில்தான் இருக்கிறது. லண்டனுக்குத் தென்மேற்கே ஆல்டர்ஷாட் ராணுவ முகாமில் நிற்கும் கேம்பிரிட்ஜ் ராணுவ மருத்துவமனை அப்படிப்பட்ட ஒன்று. பெயரைப் பார்த்துப் பல்கலைக்கழக ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். விக்டோரியா மகாராணி காலத்துத் தலைமைத் தளபதி கேம்பிரிட்ஜ் கோமகனின் பெயர் அது.

ஆல்டர்ஷாட் முகாம் 1854-ல் தொடங்கியது. கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அவசரத்துக்கு வரிசை வரிசையாக மரக் கொட்டகைகள் போட்டுச் சிப்பாய்களைத் தங்க வைத்தார்கள்.

அந்தப் போர் ஆங்கிலேயருக்கு ஒரு கசப்பான உண்மையைக் காட்டியது. சிப்பாய்களைக் கொன்றது பெரும்பாலும் எதிரியின் குண்டு அல்ல, நோய். துருக்கியில் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரியில் 1855 பிப்ரவரியில் சிகிச்சைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்தது. ஜூனில் அந்தக் கணக்கு இரண்டு சொச்சத்துக்கு இறங்கிவிட்டது! அங்கே செவிலியர் தலைவியாக இருந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் இந்தப் புள்ளிவிவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

1856-ல் நெட்லியில் கடற்கரையோரம் கால் மைல் நீளத்துக்கு ஒரு ராணுவ ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் போட்டார்கள். கடலைப் பார்த்த பக்கம் நடைபாதை, நோயாளிகள் பின்பக்க அறைகளில். கப்பலிலிருந்து பார்த்தால் அரண்மனை மாதிரி இருக்கும், உள்ளே படுத்திருப்பவனுக்கோ காற்று வராது. அம்மையார் பிரதமர் பாமர்ஸ்டனிடமே போய் வாதாடினார். அவருக்கும் நியாயம் புரிந்தது. என்ன பிரயோஜனம், வேலை பாதி ஏறிவிட்டிருந்தது. நெட்லி அப்படியே எழும்பியது. ஆனால் அடுத்து 1865-ல் உல்லிச்சில் திறந்த ஹெர்பர்ட் ஆஸ்பத்திரியை டக்ளஸ் கால்டன் அவர் சொன்னபடியே கட்டினார்.

1879-ல் திறக்கப்பட்ட ஆல்டர்ஷாட் ஆஸ்பத்திரியும் அதே வழியில் வந்ததுதான். நடுவில் நிர்வாகப் பகுதி, அதன்மேல் மணிக்கூண்டு. செவாஸ்தபோலில் ரஷ்யரிடமிருந்து கைப்பற்றிய மணியைப் பல காலம் அதில் தொங்கவிட்டிருந்தார்கள். முதுகெலும்பு போல நீண்ட ஒரு நடைபாதை, அதிலிருந்து விலா எலும்பு மாதிரி தனித்தனியே நீளும் வார்டுகள். ஒவ்வொரு வார்டுக்கும் இரண்டு பக்கமும் எதிரெதிர் ஜன்னல். ஒரு வார்டின் காற்று இன்னொன்றுக்குப் போகாது. போதாததற்கு இடமும் மேட்டு நிலம், காற்று தங்குதடையில்லாமல் வீசும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த அமைப்புக்கு அடிப்படையாக இருந்தது கெட்ட காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது என்ற பழைய நம்பிக்கை. கிருமிகளை ராபர்ட் காக் முதலானோர் நிரூபித்தபோது அந்த நம்பிக்கை தகர்ந்தது. கட்டிடம் தகரவில்லை! காசநோய் போலக் காற்றில் பரவும் கிருமியை நீர்த்துப்போகச் செய்யவும் எதிரெதிர் ஜன்னல்தான் வேண்டியிருந்தது. 2009-ல் உலக சுகாதார நிறுவனம் ஆஸ்பத்திரிகளில் இயற்கைக் காற்றோட்டத்துக்கென்றே வழிகாட்டி நூல் வெளியிட்டது. 2020-ல் கொரோனா வந்தபோது நாமும் ஜன்னலைத் தேடி ஓடினோமே!

முதல் உலகப்போரில் இந்த ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பெருமை சேர்ந்தது. 1916-ல் ஹெரால்ட் கில்லீஸ் என்ற நியூசிலாந்து டாக்டர் இங்கே முகச் சீரமைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். முகத்தில் காயம்பட்டவர்களைத் தம்மிடம் அனுப்பச் சொல்லி, சொந்தப் பணத்தில் லேபிள் வாங்கிப் போர்முனைக்கு அனுப்பினாராம். அந்த ஆண்டு சோம் போருக்குப் பிறகு 200 பேரை எதிர்பார்த்த இடத்தில் சுமார் 2,000 பேர் வந்து சேர்ந்தார்கள். டாக்டராக இருந்து ஓவியரான ஹென்றி டாங்க்ஸ் அந்த முகங்களை வண்ணச் சுண்ணத்தில் வரைந்து வைத்தார். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரி வேரூன்றிய இடங்களில் இந்த வார்டுகளும் ஒன்று.

1996-ல் ஆஸ்பத்திரி மூடப்பட்டது. பராமரிப்புச் செலவு ஒரு பக்கம், கட்டிடத்தில் கண்ட ஆஸ்பெஸ்டாஸ் இன்னொரு பக்கம். பல வருஷம் பூட்டிக் கிடந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டிடமாக இருந்ததால் இடிபடாமல் தப்பி, பிறகு குடியிருப்பாக மாறியது. நெட்லிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1966-ல் அதை இடித்துவிட்டார்கள், வழிபாட்டுக் கூடம் மட்டும் மிச்சம். பார்வைக்காகக் கட்டியது போய்விட்டது, படுத்திருப்பவனுக்காகக் கட்டியது நிற்கிறது. இது தற்செயலாகவே இருக்கலாம். ஆனாலும் மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

"ஜன்னலைத் திறந்து வைடா, காத்து வரட்டும்" என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தானே! நம்மூர்ப் பழைய கட்டிடங்களில் கதவுக்கு மேலே இருந்த வெண்டிலேட்டரை ஏ.சி. போடுவதற்காக அடைத்துவிட்டோம். எதிர் ஜன்னலை மறைத்து பீரோவை வைத்துவிட்டோம். இன்று படிக்கும் தம்பி தங்கைகள் நாளை பொறியாளராகவோ, டாக்டராகவோ, கல்லூரிச் செயலாளராகவோ வரப்போகிறவர்கள். ஒரு வரைபடம் உங்கள் மேஜைக்கு வரும்போது முகப்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே இருக்கப்போகிறவனுக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேளுங்கள். வேலை பாதி ஏறிய பிறகு கேட்டால் பிரதமரே நினைத்தாலும் மாற்ற முடியாது.