பனிநாட்டுப் பள்ளிகளின் பழைய படங்கள்

பழைய நிழற்படம் ஒன்று கைக்கு வந்தால் பிறர் முகங்களைப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தே காலம் கழித்த எமக்கோ கண் முதலில் செல்லுமிடம் ஆசிரியர் நிற்கும் இடம். அவர் பிள்ளைகளின் நடுவே அமர்ந்திருக்கிறாரா, ஓரமாக விலகி நிற்கிறாரா, அவருடைய உடையும் பிள்ளைகளின் உடையும் ஒன்றா என்பனவற்றைக் கண்டாலே அப்பள்ளியின் வரலாற்றில் பாதி விளங்கிவிடும்.

நார்வே, ஸ்வீடன் நாடுகளின் வடகோடிச் சிற்றூர்ப் பள்ளிகளில் நூறாண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட படங்களை இவ்வாறு பார்த்தல் தகும். அங்கே வாழ்பவர் ஸாமி என்னும் பழங்குடி மக்கள். (நம் ஊர்ச் ‘சாமி’ அன்று, அவர்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் பெயர் அது.) கலைமான் மேய்ப்பவர் சிலர், கடலில் மீன் பிடிப்பவர் பலர். நார்வேயின் வடமுனையான ஃபின்மார்க் மாநிலத்தில் குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் சூரியன் உதிப்பதில்லை. பள்ளியின் பெரும்பகுதி விளக்கொளியில் நடந்தது. படங்களோ பெரும்பாலும் வெளிச்சம் மிகுந்த நாளில், வாசலுக்கு வெளியே எடுக்கப்பட்டவை. பாடம் நடந்த இருட்டு அவற்றில் இல்லை.

அந்த இருட்டில் நடந்தது யாது? தொடக்கம் நன்றாகவே இருந்தது. நீல்ஸ் ஸ்டாக்ஃப்லெத் என்னும் பாதிரியார் ஸாமி மொழியை முயன்று கற்று, 1837இல் அம்மொழியிலேயே அரிச்சுவடி வெளியிட்டார். 1826இல் தோன்றிப் பின்னர் 1848இல் ட்ரோம்ஸோ நகருக்கு மாறிய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் ஸாமி மொழி கற்பிக்கப்பட்டது. பிறகு காற்று திசை மாறியது. 1851இல் நார்வே நாடாளுமன்றம் தனி நிதியொன்றை ஒதுக்கியது. பிள்ளைகளுக்கு நார்வே மொழியை நன்கு புகட்டிய ஆசிரியருக்கு அதிலிருந்து கூடுதல் ஊதியம் கிடைக்கும். 1880ஆம் ஆண்டின் ஆணை ஸாமிப் பிள்ளைகளும், ஃபின்னிய மொழி பேசிய குவேன் பிள்ளைகளும் நார்வே மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் கற்றாக வேண்டும் என்றது. 1898இன் ஆணை இன்னும் இறுக்கியது: பொருள் விளங்க இன்றியமையாத இடத்தில் மட்டுமே தாய்மொழிக்கு இடம். பள்ளியோடும் இது நிற்கவில்லை; 1902இன் நிலச் சட்டவிதிப்படி ஃபின்மார்க்கில் அரசு நிலம் வாங்குவோர்க்கு நார்வே மொழி தெரிந்திருக்க வேண்டும்.

எல்லைக்கு அப்பால் ரஷ்யப் பேரரசு. ஃபின்லாந்தும் 1917 வரை அதன் கையில். எல்லைப்புறத்தில் வேற்றுமொழி பேசுவோர் இருப்பதை ஆபத்தென்று ஆள்வோர் கருதினர். அச்சத்தின் விலையை ஏழு வயதுப் பிள்ளைகள் கொடுத்தனர். 1905 முதல் எல்லையோரத்தில் அரசு விடுதிப் பள்ளிகள் எழுந்தன. பாஸ்விக் பள்ளத்தாக்கின் ஸ்ட்ராண்ட் விடுதி அவற்றுள் ஒன்று. வீடு தொலைவில் இருந்ததால் விடுதி தேவைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தாயின் மொழி நுழையாத வீடாக அது அமைந்தது. அரபியில் ‘லிஸான்’ என்னும் ஒரே சொல் நாவையும் மொழியையும் குறிக்கும். மொழியைத் தடுப்பவன் எதைத் தடுக்கிறான் என்பதை அச்சொல்லே காட்டிவிடுகிறது.

ஸ்வீடன் செய்ததோ நேர்மாறு. கலைமான் மேய்ப்பவன் மேய்ப்பவனாகவே இருக்க வேண்டும், நல்ல வீடும் நிறைந்த படிப்பும் அவனைக் கெடுத்துவிடும் என்று அந்நாட்டு அரசும் திருச்சபையும் எண்ணின. 1913இன் சட்டப்படி நாடோடிப் பள்ளிகள் ஏற்பட்டன. மலைமேய்ச்சல் குடும்பத்துப் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போக இயலாது. சிறுவர்க்கான வகுப்பு, ‘கோத்தா’ எனப்படும் கூம்பு வடிவக் குடிசையில் நடந்தது. பாடமோ மற்றைப் பள்ளிகளைவிடக் குறைவு. கற்பித்த மொழியோ ஸ்வீடிய மொழி! கிருனா நகரின் நிழற்படக்காரர் போர்க் மெஷ் போன்றோர் வடநாட்டு வாழ்வை ஆயிரக்கணக்கில் படமெடுத்தனர். குடிசைப் பள்ளியின் முன் வண்ண உடையில் பிள்ளைகள் நிற்கும் காட்சி கண்ணுக்கு அழகாகவே இருக்கும். அந்த அழகுதான் எம்மை அஞ்ச வைக்கிறது. படத்தைப் பார்ப்பவர், பிள்ளைகள் அக்குடிசையை விரும்பி ஏற்றனர் என்றல்லவா எண்ணுவார்?

இன்னொரு வகைப் படமும் உண்டு. 1922இல் உப்ஸாலா நகரில் அரசு நிறுவிய இனஉயிரியல் நிறுவனத்தின் தலைவர் ஹெர்மன் லுண்ட்போர்க், ஸாமி மக்களின் தலைகளை அளந்து, முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படமெடுத்தார். நாடோடிப் பள்ளிகளின் பிள்ளைகளும் அதற்கு ஆளாயினர். எழுத்துக் கற்க வந்த பிள்ளையை ஓர் உஸ்தாது இதற்காக வரிசையில் நிறுத்துவதை எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது.

ஆயினும் ஆசிரியர்கள் அனைவரையும் ஒரே தட்டில் வைத்தல் நீதியாகாது. ஐசக் சாபா 1875இல் பிறந்த ஸாமி. ட்ரோம்ஸோவில் பயின்று ஆசிரியரானவர். 1906இல் நார்வே நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஸாமி அவரே. தம் மக்களுக்கென அவர் எழுதிய பாடல் அவ்வாண்டு ஏப்ரலில் ஒரு ஸாமி இதழில் வந்தது. அவ்விதழை 1904 முதல் 1911 வரை நடத்திய ஆண்டர்ஸ் லார்ஸனும் ஆசிரியரே. 1912இல் ஸாமி மொழியின் முதல் நாவலை எழுதியவர். அடுத்த தலைமுறையில் தானா பள்ளத்தாக்கின் ஆசிரியர் பெர் ஃபோக்ஸ்டாட் 1924இல், தாய்மொழியில் தொடங்கும் ஸாமிப் பள்ளிக்கான திட்டத்தை வகுத்து முன்வைத்தார். அரசு அதனை ஏற்கவில்லை. இவர்கள் அரசின் ஊதியம் பெற்றே வாழ்ந்தவர்கள். அரசின் ஆணையையும் வகுப்பறையில் சுமந்தவர்கள். பகலில் நார்வே மொழிப் பாடம், ஓய்வு நேரத்தில் ஸாமி எழுத்து என்ற அந்த இரட்டை வாழ்வை எந்தக் கருவி படமெடுக்கும்?

படங்களுக்கும் ஊழி வந்தது. 1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஃபின்மார்க்கை எரித்துச் சென்றது. ஏறத்தாழ 11,000 வீடுகளும் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளும் அழிந்தன. வீட்டுச் சுவரில் தொங்கிய படங்கள் வீட்டோடு போயின. வெளியூர்க்காரர் எடுத்துத் தெற்கே கொண்டுசென்றவை தப்பின. ஸாமி வாழ்வைப் பற்றி இன்று எஞ்சியவற்றில் அந்நியர் பார்வை மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எம் கருத்து.

போருக்குப் பின் மெல்ல மெல்ல மாற்றம் வந்தது. 1951இல் மார்கரெத்தே வீக் என்னும் மாதரசி ஸாமி, நார்வே ஆகிய இரு மொழிகளிலும் அரிச்சுவடி வெளியிட்டார். 1959இன் சட்டம் ஸாமி மொழியில் கற்பிக்க இடங்கொடுத்தது. 1967இல் காரஸ்யோக், கௌத்தோகெய்னோ ஊர்களின் பிள்ளைகள் தம் மொழியில் முதலெழுத்துப் படிக்கத் தொடங்கினர். சாபாவின் பாடலை 1986இல் ஸாமி மாநாடு தேசியப் பாடலாக ஏற்றது. 2021 நவம்பரில் ஸ்வீடன் திருச்சபையின் பேராயர் உப்ஸாலாவில் ஸாமி மக்களிடம் மன்னிப்புக் கோரினார். 2023 ஜூனில் நார்வேயின் உண்மை ஆணையம் அறிக்கை தந்தது. 2024 நவம்பரில் நாடாளுமன்றமே மன்னிப்புக் கேட்டது.

லுண்ட்போர்க் நிறுவனத்தின் படத்தொகுதிகள் உப்ஸாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. காத்தரினா பீராக் சிக்கு என்னும் ஸாமி ஓவியர் அவற்றை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 2014இல் ஊமெயோ நகரில் கண்காட்சி வைத்தார். எண்ணும் அளவும் இட்டு வைத்த முகங்களுக்குப் பெயரும் ஊரும் உறவும் தேடும் வேலை அது. பள்ளிப் படங்களிலும் பலவற்றில் ஆசிரியர் பெயர் இருக்கிறது. பிள்ளைகளின் பெயர் இல்லை. வருகைப் பதிவேடு வைத்திருந்த பள்ளிதானே அது!