சுவரில் நிற்கும் துரை



எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பிள்ளை நூல் நிலையத்துக்குள் நுழைந்தால் முதலில் எதைப் பார்க்கும்? சுவரைத்தான் பார்க்கும். அது வெறுஞ்சுவராய் இருந்தால் வந்த வழியே ஓடிவிடும். கோலாலம்பூரில் 1994இல் திறக்கப்பட்ட தேசிய நூலகத்தின் கூரையே, தெங்கோலோக் எனும் மலாய்த் தலைப்பாகையின் வடிவில் அமைந்தது. காம்பாரில் நம் பிள்ளைகளுக்காக ஒரு நூல் நிலையச் சுவரில் படம் எழுதுவதானால் எதை எழுதலாம்? அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

இந்த வட்டாரத்தில் கதைக்குப் பஞ்சமில்லை. காம்பாரின் பழைய பெயர் மம்பாங் டி அவான். மம்பாங் என்பது மலாய்க்காரர் கதைகளில் வரும் ஓர் ஆவி; அவான் என்றால் மேகம். பத்து காஜா என்றால் கல் யானை. யானைகள் கல்லாய்ப் போன கதையை அந்த ஊரார் சொல்வார்கள். கோப்பேங் பக்கத்துக் குவா தெம்புரோங், பெயரிலேயே சிரட்டையை வைத்திருக்கும் குகை. வண்ணக் கட்டியைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் இவற்றைத் தாமே வரைந்துவிடுவார்கள்.

ஆனால் நம்மவர் கதை என்று வரும்போதுதான் கை தயங்குகிறது.

கோப்பேங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில் கெல்லி மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், கிந்தா கெல்லாஸ் என்ற தோட்டத்தின் முதலாளி. 1915இல் அந்தப் பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். கட்டுமான வேலைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். இடையில் விஷக் காய்ச்சல் பரவிப் பலர் மாண்டனர். மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பவேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்க, துரையும் கட்டிக் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1926இல் லிஸ்பன் நகரில் துரை இறந்துபோனார். மாளிகை முடியவே இல்லை. கோயில் முடிந்தது.

அந்தக் கோயிலின் மேலே அண்ணாந்து பாருங்கள். தெய்வச் சுதைகளுக்கு நடுவே, சூட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர் நிற்பார். அவர்தான் கெல்லி துரை. படிக்காத சனங்கள் எழுதிவைத்த சரித்திரம் அது. ஏட்டில் இல்லை, சுதையில் இருக்கிறது. நன்றி மறவாதவர்கள் என்று நாம் பெருமைப்படலாம்.

ஒரு முறை மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். மூன்றாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி நெடுநேரம் மேலேயே பார்த்திருந்துவிட்டு, "தொர நிக்கிறாரு. கல்லு தூக்குனவங்க எங்க சார்?" என்றாள். பயிற்சிக் கல்லூரியில் எனக்கு எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லித் தந்தார்கள். இதற்குத் தரவில்லை.

ஈப்போவில் 2014இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் பழைய நகரச் சுவர்களில் படம் எழுதினார். காப்பிக் கிண்ணத்தோடு இருக்கும் முதியவரைப் பார்க்க இன்றும் கூட்டம் போகிறது. காம்பாரிலேயே 2012இல் திறந்த ஈயச் சுரங்கக் காட்சியகத்தில், தூலாங் தட்டில் ஈயம் அரித்த சீனப் பெண்களின் உழைப்பு உருவமாய் நிற்கிறது. நல்ல காரியம்தான். அதைப் போல, விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் நடந்த நம் பாட்டியும் பிள்ளைகள் பார்க்கும் சுவரில் இருக்கவேண்டாமா?

அப்படி எழுதும்போது ஓவியர் தனியே எழுதக்கூடாது என்பது என் எண்ணம். பால்மரத்தில் வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து வரும். பட்டைக்குள் பால் நாளங்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால், இப்படி வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபட்டுப் பால் கூடுதலாய் வடியும். ஓவியர் கோட்டை மாற்றிப் போட்டால் மங்கில் பால் குறையும் என்று முதலில் சிரிப்பவர் பாட்டியாகத்தான் இருப்பார். காண்டா கம்பு எந்தத் தோளில் ஏறும், மங்கை எப்படித் துடைத்து வைப்பது, ஆயாக் கொட்டகையில் தொட்டில்கள் எப்படித் தொங்கின என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தோட்டம் விற்றுப் போய், லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் பாட்டியைக் கேளுங்கள். பிள்ளை பக்கத்தில் தாளும் பென்சிலுமாக உட்காரட்டும்.