கையால் கெட்டித்த தோட்டா

1887இல் பிரிட்டிஷ் படை, ஆலையில் செய்த தோட்டாக்களைப் போடும் வெப்ளி சுழல்துப்பாக்கியை ஏற்றது. அதற்கு வெகு முந்தைய தொடக்ககாலக் கோல்ட், ஆடம்ஸ் சுழல்துப்பாக்கிகளின் அறைகளில் மருந்தும் குண்டும் தனித்தனியே கெட்டிக்கப்பட்டன. படைகள் கைவிட்ட அந்தக் கைவேலை, விழுப்புரம், வளவனூர் வட்டாரத்து ஏரிக்கரைகளில் உலவிய நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கியில் நெடுங்காலம் வாழ்ந்தது. பழைமைப் பிடிப்பே காரணம் என்பார்கள். கணக்கறிவே காரணம் என்பேன். குழலின் வாயில் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய்நாரைத் திணித்து, கம்பியால் இடித்து, ஈயரவை போட்டு, மேலும் நார் அடைப்பார்கள். கொக்குக்கு ஒரு அளவு, நரிக்கு ஒரு அளவு. ஆலைத் தோட்டா இந்த உரிமையைத் தராது. ஒவ்வொரு வெடிக்கும் காசும் கேட்கும்.

நாட்டுத் துப்பாக்கி ஆபத்தானது, காட்டுயிரை அழித்தது என்ற மறுப்பில் உண்மை உண்டு. மருந்து கூடினால் குழல் வெடித்துக் கை போகும். கரிமருந்துக்கு ஒரு பொறி போதும். ஆனால் பறவைகள் குறைந்ததற்கு இந்த ஒற்றைவெடித் துப்பாக்கியை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. ஏரிகள் தூர்ந்ததும் வயல்களில் பூச்சிமருந்து பெருகியதும் கணக்கில் வர வேண்டும். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி, 1991ஆம் ஆண்டின் திருத்தத்தால் ஏறக்குறைய முழுதும் தடுத்தது. உயிர்களைக் காத்த அந்தச் சட்டம் தேவையானதே. பிழைப்பை இழந்தவர்களுக்கு மாற்றுத்தொழில் தராததுதான் பிழை. அவர்கள் பாசிமணிக்கும் ஊசிக்கும் மாறினார்கள். பழங்குடிப் பட்டியலில் இடம்பெறவோ 2023 வரை காத்திருந்தார்கள். வேட்டையைத் தடுத்த அரசு, வேட்டைக்காரருக்குப் பட்ட கடனை இன்னும் தீர்க்கவில்லை.