டேப்பர் அட்டாச்மென்ட்

லேத்தில் சரிவான உருளைப் பரப்புகளைக் கடைய உதவும் துணை உறுப்பு. பெட்டின் பின்பக்கம் உள்ள வழிகாட்டிச் சட்டத்தை வேண்டிய கோணத்துக்குத் திருப்பி இறுக்கினால், கேரேஜ் நகரும்போது சட்டத்தில் ஓடும் கட்டை கிராஸ் ஸ்லைடைக் குறுக்கே இழுக்கும். டூல் சாய்கோட்டில் செல்லும். சாதாரண வகையில் கிராஸ் ஸ்லைடின் நட்டைத் திருகிலிருந்து விடுவித்து, வெட்டாழத்தைக் காம்பவுண்டு ரெஸ்டால் கொடுப்பார்கள். டெலஸ்கோப் வகையில் திருகே நீண்டு சுருங்கும். எதையும் கழற்ற வேண்டியதில்லை.

இந்த அமைப்புக்கு அடிப்படையான, டூலைத் தாங்கி நகர்த்தும் ஸ்லைடு ரெஸ்டை ஹென்றி மோட்ஸ்லியின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். பிரான்சில் வோகான்சனின் லேத்தில் அது முன்பே இருந்ததால் முதன்மை யாருக்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

துல்லியமான டேப்பருக்குப் பெருந்தேவை ஏற்பட்டது 1860களில். ஸ்டீபன் மோர்ஸ் 1863இல் முறுக்குத் துரப்பணத்துக்குக் காப்புரிமை பெற்றார்; மறு ஆண்டு மாசசூசெட்ஸில் நிறுவனம் தொடங்கினார். அவர் பெயரால் வழங்கும் டேப்பரில் சரிவு மிகக் குறைவு. ஆகவே துரப்பணத்தின் காம்பு அது பொருந்தும் குழிக்குள் உராய்வினாலேயே இறுகிக்கொள்ளும். கழற்ற ஆப்பு தட்ட வேண்டும். வியப்பு என்னவென்றால், ஒவ்வொரு அளவு எண்ணுக்கும் சரிவு சற்றே வேறு: 1ஆம் எண்ணில் 1:20.047, 3ஆம் எண்ணில் 1:19.922, 5ஆம் எண்ணில் 1:19.002. தொடக்ககால அளவுமானிகளில் நேர்ந்த பிழையே இதற்குக் காரணம் என்பர், உறுதியாகச் சொல்வதற்கில்லை. பிரவுன் அண்ட் ஷார்ப்பின் ஆஸ்கர் பீல் இதற்கு மாற்றாக ஜார்னோ டேப்பரை வகுத்தார். எண்ணை 8ஆல் வகுத்தால் பெரிய விட்டம், 10ஆல் வகுத்தால் சிறிய விட்டம், 2ஆல் வகுத்தால் நீளம், எல்லாம் அங்குலத்தில். எட்டாம் எண் என்றால் 1, 0.8, 4. அட்டவணையே வேண்டாத இந்த அழகான முறை ஏனோ மோர்ஸை வெல்லவில்லை.

டேப்பரை டெயில்ஸ்டாக்கை நகர்த்திக் கடைவது பழைய முறை. வேலைத்துண்டின் நீளம் மாறினால் அதில் சரிவும் மாறும். மையத் துளைகள் கோணலாகத் தேயும். துளையின் உட்பக்கம் கடைய முடியாது. அட்டாச்மென்ட்டில் இக்குறைகள் இல்லை. உள்ளும் புறமும் ஒரே அமைப்பில் கடையலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அமெரிக்க நிறுவனங்கள் இதைத் தனி விலைக்கு விற்றன. மோர்ஸ் 3க்குச் சட்டத்தை ஏறத்தாழ 1° 26′ திருப்பினால் போதும், முழுக் கோணத்தில் பாதி. டூல் முனை மைய உயரத்தில் இல்லாவிட்டால் சரிவு நேர்கோடாக அமையாது. இணைப்புகளின் தளர்ச்சியைப் போக்க, வேலைத்துண்டின் முனைக்குச் சற்று அப்பாலிருந்தே ஓட்டத்தைத் தொடங்குவார்கள்.

சிஎன்சி லேத்தில் இரு அச்சுகளையும் நிரலே ஒருசேர நகர்த்துவதால் சட்டம் தேவையில்லை. கையால் இயக்கும் லேத்துகளுக்கு இன்றும் இது கிடைக்கிறது.