எட்டும் மேடும்

போன கோடையில் போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறிக்கொண்டிருந்தேன். ஊருக்குச் சற்று முன்பு, ஓர் ஏற்றத்தில் டீ குடிக்க நின்றேன். எதிரே ஒரு பையன் பைக் பழகிக்கொண்டிருந்தான். வண்டியின் முன்னால் சிவப்பில் ‘எல்’ ஒட்டியிருந்தது. ஓரத்தில் கல்மேல் அவன் மாமா உட்கார்ந்திருந்தார். பையன் பாதி மேடு ஏறியதும் “நிறுத்து” என்பார். நிறுத்துவான். “இப்ப எடு.” வண்டி ஒரு முழம் பின்னால் உருளும், இல்லையென்றால் ஆஃப் ஆகிவிடும்.

“முப்பது நாள் ஆயிடுச்சு மாமா. டெஸ்ட்டுக்குப் போயிடட்டுமா?”

“எட்டு போடுவியா?”

“அதெல்லாம் எப்பவோ வந்துடுச்சு.”

“அப்ப போய்ட்டு வா. சாமை மூட்டைய வச்சுக்கிட்டு மலை எறங்குறதுக்கு மட்டும் இன்னும் நாளாகும்.”

எனக்குச் சுருக்கென்றது. நான் சமவெளிக்காரன். கால் ஊன்றாமல் எட்டு போட்டு ஒரே தடவையில் லைசென்ஸ் வாங்கியவன். வாங்கிய இரண்டாம் மாதம், ஒரு மலைச்சாலை இறக்கத்தில் டாப் கியரிலேயே, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கி, வளைவில் ஜல்லியில் சறுக்கி விழுந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த தம்பிக்குக் கால் முறிந்தது. மூன்று மாதம் மாவுக்கட்டு. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

அப்படியானால் சட்டம் இறக்கத்தை மறந்துவிட்டதா? பிற்பாடு தேடிப் படித்தேன். மறக்கவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த 1989 மத்திய விதிகளில், பதினைந்தாவது விதி தேர்வைப் பற்றியது. தேர்வுக்கு வருபவர் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்று நீளமான பட்டியல் போடுகிறது. அதில் ஒன்று, இறக்கத்தில் சட்டென்று கீழ் கியருக்கு மாற்றுவது. இன்னொன்று, செங்குத்தான மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுப்பது. அந்த மாமா கல்மேல் உட்கார்ந்து நடத்திக்கொண்டிருந்தது பதினைந்தாவது விதியைத்தான்.

நான் தேர்வு எழுதிய மைதானமோ தட்டையானது. அங்கே பார்க்கப்பட்டது எட்டு.

எட்டு ஏன் என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் எளியது. காரில் தேர்வாளர் பக்கத்தில் உட்காரலாம். பைக்கில் அவர் எங்கே இருப்பார்? உலகம் முழுக்க இந்தச் சிக்கல் இருந்திருக்கிறது. பிரிட்டனில் ஓட்டுநர் தேர்வு 1935 ஜூன் 1 முதல் கட்டாயமானது. பைக் தேர்வு என்றால் தேர்வாளர் நடைபாதையில் நிற்பார், ஓட்டுபவர் தெருவைச் சுற்றி வருவார். திடீர் பிரேக்கைச் சோதிக்க, தேர்வாளர் சாலையோரம் வந்து கை காட்டுவார். தவறான ஆளுக்குக் கை காட்டிய தேர்வாளரைப் பற்றி அங்கே வேடிக்கைக் கதைகள்கூட உண்டு. தெருமுனை திரும்பியபின் அந்த ஆள் எப்படி ஓட்டினான் என்று யாருக்கும் தெரியாது. நின்ற இடத்திலிருந்தே கிளட்ச், சமநிலை, பார்வை மூன்றையும் பார்த்துவிட எட்டு நல்ல வழிதான். ஆனால் நின்ற இடத்திலிருந்து தெரிவதை மட்டுமே அது காட்டும்.

மற்றதற்கெல்லாம் சட்டம் நாள்கணக்கு வைத்திருக்கிறது. எல்.எல்.ஆர். வாங்கிக் குறைந்தது 30 நாள் கழிய வேண்டும். அது 6 மாதம் செல்லும். தேறாவிட்டால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 30 நாளில் வண்டியைத் தொட்டானா, எத்தனை மேடு ஏறினான் என்ற கணக்கு எங்கேயும் இல்லை. அதை வீட்டுப் பெரியவரிடம் விட்டுவிட்டோம்.

எல்லா வீட்டிலும் அப்படியொரு மாமா இருப்பாரா? 1981இல் வெளியான ஹர்ட் அறிக்கை, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பர்களிடமோ கற்றவர்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் கல்லூரி நண்பன்தான். அவனுக்கும் மலை தெரியாது.

பிரிட்டன் 1990 டிசம்பரில் வேறு வழி பிடித்தது. பழகுபவர் தனியாகச் சாலையில் இறங்கும் முன்பே அடிப்படைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அதில் மதிப்பெண் இல்லை. ஐந்து கட்டங்கள். ஒரு கட்டம் சரியாக வந்தது என்று பயிற்சியாளருக்குத் திருப்தியானால்தான் அடுத்தது. ஒருவருக்கு ஒரு நாளில் முடியும், இன்னொருவர் மறுபடி வர வேண்டியிருக்கும். கிட்டத்தட்ட கல்மேல் உட்கார்ந்த மாமாவின் முறைதான். பயிற்சியாளருக்கும் பயிற்சியும் பொறுப்பும் உண்டு என்பது வித்தியாசம்.

ஜவ்வாதுமலைப் பிள்ளைகள் லைசென்ஸுக்காகச் சமவெளிக்கு இறங்கி, தட்டையான மண்ணில் எட்டு போட்டுக் காட்டிவிட்டு, மறுபடி மலையேறுகிறார்கள். போகும்போதும் வரும்போதும் அவர்கள் ஓட்டும் சாலையில் தேர்வாளர் யாரும் நிற்பதில்லை. அந்த மலைப்பாதையிலேயே ஒரு மேட்டில் அரை மணி நேரம் பார்த்தால் பதினைந்தாவது விதியில் பாதி முடிந்துவிடும்.

டீ கிளாஸைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது பையன் மேட்டில் நிறுத்தி, உருளாமல் எடுத்துவிட்டான். திரும்பிச் சிரித்தான்.

“இன்னொரு தடவை” என்றார் மாமா.

சாயங்காலம் இறங்கும்போது நான் இரண்டாவது கியரைவிட்டு மாற்றவில்லை.