அணையாடையும் வெள்ளாவியும்

பிறந்த குழந்தையின் இடுப்பில் கட்டுவதற்கும் அடியில் விரிப்பதற்கும் பயன்படும் துணிக்கு அணையாடை என்று பெயர். முற்காலத்தில் இதைக் கடையில் வாங்குவதில்லை. பலமுறை துவைத்து மென்மையாகிப்போன பழைய வேட்டியையும் நூல்சேலையையும் கிழித்து, பேறுகாலத்துக்கு முன்பே மடித்து வைத்திருப்பார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் நாள்தோறும் பத்துப் பதினைந்து துணியாவது நனையும். அவற்றின் கறையையும் நாற்றத்தையும் போக்கியவர்கள் யார், எப்படிப் போக்கினார்கள் என்பது பாடநூல்களில் அதிகம் இடம்பெறாத ஒரு சமூக வரலாறு.

உவர்மண்

சோப்பு வருவதற்கு முன் தமிழகத்தில் துணி வெளுக்கப் பயன்பட்ட முதன்மையான பொருள் உவர்மண். களர்நிலத்தில் வெயில் காலத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் இந்த மண்ணில் சோடியம் கார்பனேட் உண்டு. இன்று சலவைச் சோடா என்று விற்பதும் இதே சேர்மம்தான். இதை 'வண்ணான் காரம்' என்றும் அழைத்தனர்.

இந்த அறிவு மிகப் பழையது. களர்நிலத்தில் கிணறு தோண்டித் துணி வெளுக்கும் பெண்ணை ஔவையார் புறநானூற்றின் 311ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். துணியைக் கஞ்சிப் பசையில் தோய்த்து, அடித்து, குளத்து நீரில் இடும் பெண் குறுந்தொகை 330ஆம் பாடலில் வருகிறாள். இரு பாடல்களும் அவளைப் 'புலைத்தி' என்றே சொல்கின்றன.

வீடுகளில் அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீரும் பயன்பட்டது. அதில் பொட்டாசியம் கார்பனேட் உள்ளது. பட்டு போன்ற மென்துணிகளுக்குக் காரம் ஆகாது என்பதால் பூந்திக்கொட்டையை ஊறவைத்து அந்த நுரையில் அலசினர்.

வெள்ளாவி

வண்ணார் வீடுவீடாகத் துணி எடுத்துவருவர். எது யாருடையது என்று அறியச் சேங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் குறியிடுவர். அந்தக் குறி எத்தனை வெளுப்புக்கும் அழியாது. அழுக்குத் துணிகளை முதலில் நீரில் அலசி, உவர்மண் கரைசலில் முக்கிப் பிழிந்து, நீர் கொதிக்கும் பானையின்மேல் அடுக்கி மூடுவர். இரவு முழுவதும் ஆவி துணிகளுக்குள் ஏறும். இதுவே வெள்ளாவி. மறுநாள் கழுதைமேல் ஏற்றித் துறைக்குக் கொண்டுபோய், கல்லில் அடித்து, மணலில் வெயில்படக் காயவைப்பர்.

இதன் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. பால், மலம், இரத்தம் ஆகியவற்றில் புரதம் உள்ளது. எடுத்தவுடன் சுடுநீரில் போட்டால் புரதம் உறைந்து, கறை நூலோடு பற்றிக்கொள்ளும். அதனால் முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். காரம் கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைக்கும். எஞ்சும் மஞ்சள் கறையை வெயில் வெளுக்கும்.

நாற்றத்தின் கதை வேறு. புதிய சிறுநீரில் அவ்வளவு நெடி இராது. துணியில் தங்கிய பாக்டீரியா, சிறுநீரிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கைத் துளைக்கும் நெடி எழுகிறது. அமெரிக்க மருத்துவர் ஜே. வி. குக் 1921இல் இதை விளக்கினார். மேலோட்டமாக அலசிய துணி காய்ந்தபின் மணக்காது. மீண்டும் நனைந்ததும் நாறும். இதற்குக் காரணம் நூலுக்குள் உயிரோடு இருக்கும் அந்தப் பாக்டீரியாதான். இரவெல்லாம் ஏறும் ஆவி அவற்றைக் கொன்றுவிடும். நுண்ணுயிரி என்ற சொல்லை அறியாமலே வெள்ளாவி அந்த வேலையைச் செய்தது.

தீட்டும் மாற்றும்

மகப்பேறு தீட்டாகக் கருதப்பட்டது. அதனால் தீட்டுக் கழியும் நாள்வரை தாயின் துணியையும் குழந்தையின் துணியையும் வீட்டார் பலரும் தொடமாட்டார்கள். ஊர் வண்ணாத்தி வந்து எடுத்துப்போவாள். அந்த நாட்களில் தாய் உடுத்துவதற்கு வெளுத்த துணியை அவளே கொண்டுவருவாள். அதற்கு 'மாற்று' என்று பெயர். தீட்டுக் கழிந்தபின் அன்றாட அணையாடைகளைத் தாயோ பாட்டியோ துவைப்பர்.

இந்த உழைப்புக்குக் கூலி பெரும்பாலும் அறுவடையின்போது அளக்கும் தானியமும் அன்றாடம் வீடுவீடாக வாங்கும் சோறும்தான். குழந்தையைத் தூய்மையாக வைத்த கைக்கே 'தீண்டத்தகாதது' என்று பெயர். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வெளுத்த புதிரை வண்ணாரின் நிலை இன்னும் கொடியது. திருநெல்வேலி மாவட்டத்தில் அவர்களைக் கண்ணால் காண்பதே தீட்டு என்று கருதியதால், அவர்கள் பகலில் வெளிவராமல் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் வேலை செய்தனர் என்று 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளிதழில் செய்தி வந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஜே. எச். ஹட்டன் அதைத் தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். இச்சமூகப் பெண் ஒருத்தியின் வாழ்க்கையை இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் (1994) விரிவாகச் சொல்கிறது. தமிழக அரசு 2009இல் புதிரை வண்ணார் நல வாரியத்தை அமைத்தது.

சோப்பு வந்த பிறகு

இங்கிலாந்தில் செய்த சன்லைட் சோப்பு 1888இல் கல்கத்தா துறைமுகத்தில் இறங்கியது. 1959இல் சர்ஃப் தூளும், 1969இல் மலிவான நிர்மாவும் வந்தன. தூள் எளிய வீடுகளுக்கும் எட்டியதும் துணி துவைப்பது வீட்டுக்குள் வந்தது. இளைய தலைமுறை வேறு தொழில்களுக்குச் சென்றது. ஊர்ச்சோறு வாங்கும் இழிவிலிருந்து பலர் விடுபட இதுவும் ஒரு வழியானது. ஆனால் வீட்டில் அந்தச் சுமை ஏறக்குறைய முழுவதும் தாயின் தலையில் விழுந்தது.

அமெரிக்காவில் 1961இல் பாம்பர்ஸ் அறிமுகமானது. துவைக்கவே வேண்டாத இத்தகைய அணையாடை இன்று நம் சிற்றூர்க் கடைகளிலும் தொங்குகிறது. துவைப்பவர் இல்லையென்றால் அழுக்கும் இல்லை என்று தோன்றலாம். ஆனால் அது குப்பைத் தொட்டிக்குப் போகிறது. அங்கே தூய்மைப் பணியாளர் ஒருவர் அதைக் கையால் பிரிக்கிறார். பயன்படுத்திய டயப்பரைத் தனியே பொதிந்து கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. பல வீடுகளில் இது நடப்பதில்லை.

ஆக, வண்ணாத்தியின் கையிலிருந்த அழுக்கு தாயின் கைக்கு மாறி, இன்று தூய்மைப் பணியாளரின் கைக்கு வந்திருக்கிறது. அன்று அழுக்கை எடுத்தவருக்கு ஊர் மதிப்புத் தரவில்லை. இன்று அந்த மதிப்பைத் தருவதற்கு ஒரு தாளில் பொதிந்து கொடுப்பது மிகச் சிறிய தொடக்கம்.