லயத்து வீடும் அதன் முற்றமும்

பெரும்பாணாற்றுப்படையைப் பாடம் சொல்லும் ஆசிரியர், அந்நூலுள் வரும் வீடுகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவாராயின் மாணவர்க்கு நூல் பாதி விளங்கிவிடும். எயினர் குடிசை வேறு. ஆயர் குடில் வேறு. உழவர் மனை வேறு. அந்தணர் இல்லம் வேறு. கடற்கரை மக்களின் குடியிருப்பு வேறு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒவ்வொரு நிலத்து மக்களையும் அவர்தம் வீட்டு வாயிலிலேயே நிறுத்திக் காட்டுகிறார். அங்கே தொழில்தான் வீட்டை ஆக்கிற்று. ஆடு வளர்ப்பவன் குடில் ஆட்டுக்கேற்ப அமைந்தது. நெல் விளைப்பவன் மனையில் நெற்கூடு உயர்ந்து நின்றது.

மலாயாத் தோட்டப்புறத்திலே இம்முறை தலைகீழாயிற்று. வீடு முதலில் எழுந்தது; குடியிருப்பவன் பின்னர் வந்தான். அவனை அறியாத ஒருவர் வரைந்த படத்தின்படி, அவனைக் கேளாமல் கட்டப்பட்ட அறை அது. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. சுவரை இடிக்கவோ, கூரையை உயர்த்தவோ, சாளரம் ஒன்று புதிதாகத் திறக்கவோ அவனுக்கு உரிமை இல்லை. ஆயினும் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்கள் அந்த வீடுகளைத் தலைமுறை தலைமுறையாகத் திருத்தியும் அழகு செய்தும் வந்தனர். தமக்குரியதல்லாத வீட்டை எங்ஙனம் தமதாக்கிக் கொண்டனர் என்பது, கூலிக் கணக்கும் கப்பற் கணக்கும் எழுதும் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போன செய்தி.

சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு 1891இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அப்போது அவ்வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. கியூ பூங்காவிலிருந்து 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பிச் செடியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. லாபு, சிலியாவ், ரந்தாவ், லிங்கி, தம்பின், பகாவ் என்று தோட்டங்கள் பரவின. தோட்டம் பரவிய இடமெல்லாம் லயமும் பரவிற்று.

பழைய லயம் என்பது பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையும் உடைய நீண்ட கொட்டகை. பின்னர்த் தகரக் கூரை வந்தது. உள்ளே பத்தடிக்குப் பத்தடி, அல்லது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாக இருந்தன. சில இடங்களில் இரண்டு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. அத்தகைய அறைக்குப் பின்வாயில் கிடையாது. ஓரறையில் ஒரு குடும்பம் இருந்தால் அது நல்ல தோட்டம். தனியாட்களாக வந்தோர் நால்வர் ஐவர் சேர்ந்து ஓரறையில் படுத்தெழுந்த காலமும் உண்டு. அடுத்த அறையில் ஒருவர் இருமினால் இந்த அறையில் குழந்தை விழித்துக்கொள்ளும்.

இத்தகைய கொட்டகைகள் எழுந்த அதே ஆண்டுகளில்தான், கோலா பிலாவுக்கு அருகே ஸ்ரீ மெனாந்தியில் நெகிரி செம்பிலான் அரசரின் மர அரண்மனை எழுந்தது. தொண்ணூற்றொன்பது தூண்கள்மீது, இரும்பாணி இன்றி, மரத்தோடு மரம் பொருத்தி 1908 அளவில் அதனை முடித்தனர். அரண்மனையையும் லயத்தையும் ஒப்பிடுவது நேர்மையன்று எனலாம். ஆனால் அரண்மனையோடு நின்றுவிடவில்லை. அக்கம்பக்கத்து மலாய்க் குடியானவன் வீடும் மினாங்கபாவ் மரபில் தூண்மீது உயர்ந்து, படியும் முன்மண்டபமும் செதுக்குவேலையுமாக நின்றது. ஈரமண்ணுக்கும் வெப்பத்துக்கும் தூண்வீடே ஏற்றது என்பதைத் தோட்ட நிருவாகமும் கண்டுகொண்டு, பல லயங்களைத் தூண்மேல் ஏற்றியது. தூணை எடுத்துக்கொண்டார்கள், முன்மண்டபத்தை விட்டுவிட்டார்கள்.

இங்கேதான் தமிழ்க் குடும்பத்தின் முதல் திருத்தம் தொடங்குகிறது. தமிழகத்துச் சிற்றூரில் வீடென்பது மண்ணோடு ஒட்டியது. வாசலைத் தெளிக்க வேண்டும். தரையைச் சாணத்தால் மெழுக வேண்டும். திண்ணையில் உட்கார வேண்டும். ஆளுயரத்தில் பலகைமேல் நிற்கும் வீட்டிலே எதை மெழுகுவது? எங்கே திண்ணை வைப்பது? ஆகவே மக்கள் வீட்டைக் கீழே இறக்கினார்கள். மேலே உள்ள அறை உறங்கவும் பெட்டி வைக்கவுமே பயன்பட்டது. தூண்களுக்கு நடுவே தரையைக் கெட்டித்து, மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தனர். விட்டத்தில் ஏணை கட்டினர். பழைய தகரமும் சாக்கும் மறைப்பாயின. பெட்டிப் பலகை கொண்டு ஒரு பக்கம் உட்காருமிடம் செய்தனர். மண் குழைத்துத் திண்ணை எழுப்பியவரும் உண்டு. மேற்பார்வைக்கு வந்தவர் கண்ணுக்கு இவை ஒழுங்கின்மையாகப் பட்டிருக்கலாம். உண்மையில் படம் வரைந்தவர் விட்டுவிட்டதைக் குடியிருந்தவர் நிரப்பிய செயல் அது.

குடும்பமாகப் பெயரும் வழக்கம் கங்காணி முறையின் காலத்தில் வளர்ந்தது. பெண்கள் வந்த பின்னரே லயம் வீடாயிற்று. வாசல் இல்லாத இடத்தில் வாசலை உண்டாக்கியவர்கள் அவர்களே. விடியுமுன் பிரட்டுக்குப் போக வேண்டியவள், அதற்கும் முன் எழுந்து, அறைக்கு நேரே எட்டடி மண்ணைப் பெருக்கித் தெளித்துக் கோலமிட்டாள். நடந்து போகிறவர் அந்த எட்டடியைச் சுற்றிக்கொண்டு போவர். அந்த இடத்துக்குப் பட்டா இல்லை, கோலந்தான் எல்லைக்கல்.

தொழிலாளர் சட்டத்திலே ஒரு விதி இருந்தது. குடும்பத்தோடு வாழும் இந்தியத் தொழிலாளிக்குக் காய்கறி பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்பது அது. சிறு விதிதான், ஆனால் வகுப்பறையில் கணக்காகப் போட்டுப் பார்க்கத் தக்கது. ஏக்கர் ஒன்றுக்கு 43,560 சதுர அடி. பதினாறில் ஒரு பங்கு 2,722 சதுர அடியும் சொச்சமும் ஆகும். பத்துக்குப் பன்னிரண்டு அறையோ 120 சதுர அடிதான். அறையைப்போல் இருபத்திரண்டு மடங்குக்கு மேற்பட்ட பரப்பு வெளியே கிடந்தது. எல்லாத் தோட்டமும் அதை முழுதாக அளந்து கொடுத்தது என்று சொல்வதற்கில்லை. கொடுத்த இடத்திலும் நிலம் சில வேளை லயத்துக்கு எட்டத்தில் இருக்கும். என்றாலும் தோட்டத் தமிழனின் வீடு எது என்று கேட்டால், கூரைக்குக் கீழ் உள்ளது அவ்வீட்டின் சிறு பகுதியே. பெரும்பகுதி வானத்தின்கீழ் இருந்தது என்பதே விடை.

அந்நிலத்தில் என்ன வைத்தார்கள் என்பதைக் கொண்டே அவர்கள் மனத்தை அறியலாம். முருங்கை முதலில் வரும். கொம்பை ஒடித்து ஊன்றினால் போதும். வேலை மாறி வேறு தோட்டம் போகும்போது ஒரு கொம்பை வெட்டி எடுத்துப் போகலாம். கறிவேப்பிலை, வாழை, கத்தரி, வெண்டை, பந்தலிலே அவரையும் பாகலும், வேலியோரம் மருதோன்றி, பூசைக்குத் துளசி, தலைக்குக் கனகாம்பரம் என்று முற்றம் நிறைந்தது. இவற்றுள் உணவுக்கானது எது, அழகுக்கானது எது என்று பிரிப்பது வீண்வேலை. அவரைப்பந்தல் காயும் தந்தது. பிற்பகல் வெயிலில் தகரக் கூரையின் அனலுக்குத் தப்பி உட்காரும் நிழலும் தந்தது. அப்பந்தல் இல்லாவிட்டால் பால்வெட்டு முடிந்து வந்தவருக்கு மாலைவரை தங்க இடமில்லை.

மாடு வைத்திருந்தவர் கொட்டில் போட்டனர். பால் விற்ற காசு கடைக்கணக்கைத் தீர்த்தது. சாணம் தரையை மெழுகியது. மருத்துவர்களுக்கும் இம்மக்களுக்கும் இடையே ஓர் இழுபறி நெடுநாள் இருந்தது. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட மேட்டு நிலங்களில், வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் பெருகும் கொசுவே மலேரியாவைப் பரப்பிற்று. கிள்ளானில் 1901 முதல் மல்கம் வாட்சன் செய்த ஆய்வுகள் வடிகால் வெட்டுதல், எண்ணெய் தெளித்தல் முதலியவற்றுக்கு வழிகாட்டின. அவை எண்ணற்ற உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் லயத்தைச் சுற்றி எல்லாம் வெட்டவெளியாக இருக்க வேண்டும் என்ற கருத்தும் சில தோட்டங்களில் அதனோடு சேர்ந்து வேரூன்றியது. நோய்க்காக வெட்டிய புதர் எது, ஒழுங்குக்காக வெட்டிய அவரைப்பந்தல் எது என்று பிரித்துப் பார்க்க எவரும் நிற்கவில்லை.

அறைக்குள்ளே செய்த திருத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், இடமே சிறிதல்லவா? புடவை ஒன்றைக் குறுக்கே கட்டினால் ஓரறை ஈரறையாயிற்று. பலகை இடுக்கில் காற்றும் மூட்டைப்பூச்சியும் புகாமல் பழைய செய்தித்தாளை ஒட்டினர். தமிழ் நேசன் 1924இலும் தமிழ் முரசு 1935இலும் தோன்றியவை. அவற்றின் தாள்கள் படித்து முடிந்த பின் சுவராயின. எழுத்துக்கூட்டத் தொடங்கிய பிள்ளைக்குச் சுவரே இரண்டாம் பாடநூல் ஆயிற்று. கிழக்குப் பக்கம் சாமிப் படம். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் மாணவரும் தீட்டிய தெய்வ உருவங்கள் சிவகாசியில் நாட்காட்டியாக அச்சாகிக் கடல் கடந்து வந்தன. ஆண்டு முடிந்தாலும் அப்படம் கழற்றப்படாது. தேதித்தாள் மட்டும் போய்விடும்.

1930களில் நீண்ட லயங்களுக்கு மாற்றாகத் தரையோடு அமைந்த இரட்டை வீடுகள் சில தோட்டங்களில் கட்டப்பட்டன. சீமைச்சாந்துத் தரையும் பின்புறச் சமையற்கட்டும் அவற்றில் இருந்தன. 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசின் சார்பில் வந்த சீனிவாச சாஸ்திரியார், தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1937இல் அறிக்கை அளித்தார். அடுத்த ஆண்டு, 1938இல், உதவி பெற்றுக் குடியேறுவதை இந்திய அரசு தடைசெய்தது. ஆள்வரவு நின்றதும் இருப்பவரை நிலைக்க வைக்க வேண்டிய கட்டாயம் நிருவாகத்துக்கு நேர்ந்தது. வீடு சற்றே திருந்தியதற்கு இரக்கத்தோடு இதுவும் ஒரு காரணம்.

அத்திருத்தம் வேர்விடுமுன் போர் வந்தது. சப்பானியர் ஆட்சியில் தோட்ட மக்கள் சயாம் மரண இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பல்லாயிரவர் திரும்பவில்லை. ஆளில்லாத அறைகளுக்கு முன்னே முருங்கை மட்டும் பூத்துக் காய்த்து முற்றி வெடித்தது. எஞ்சியவர்கள் பூந்தோட்டத்தைக் கொத்தி மரவள்ளி நட்டனர். அந்நாளில் உயிரைக் காத்தது முற்றந்தான்.

பின்னர் 1948இல் அவசரகாலம் பிறந்தது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வகுக்கப்பட்டபின், காட்டோரத்து மக்கள் புதுக்கிராமங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலி இடப்பட்டன. மாலையில் வாயில் அடைபடும். வேலைக்குச் சோறு கொண்டுபோவதற்கும் கட்டுப்பாடு. வேலிக்கு உள்ளே இடம் குறைவு. ஆகவே வேலிக்கு வெளியே இருந்த காய்கறிப் பாத்திகள் கைவிடப்பட்டன. கூரைக்கு உள்ளிருந்தவற்றை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போக முடிந்தது. இருபது ஆண்டு வளர்ந்த கறிவேப்பிலை மரத்தை எதில் ஏற்றுவது? அவசரகாலம் பற்றிய நூல்கள் எத்தனையோ வந்துவிட்டன. இந்த இழப்பு அவற்றின் அட்டவணைகளில் ஏறவில்லை.

1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. நாடு விடுதலை பெற்ற பின், தொழிலாளர் வீடமைப்புக்குரிய குறைந்த அளவுத் தரத்தை வரையறுத்து 1966இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1990இல் விரிவான சட்டம் வந்தது. குழாய்நீர், மின்சாரம், குழந்தைகள் காப்பகம் முதலியவை அதில் இடம்பெற்றன. இவை வேண்டியவை, இவற்றைக் குறைத்துப் பேசுவோர் குழாயடியில் குடத்தோடு நின்றறியாதவர். ஆயின் சட்டம் சுவரையும் கூரையையும் அளந்ததுபோல் உரிமையை அளக்கவில்லை. வீடு எத்துணை நன்றாயினும் அது வேலையின் நிழல். ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இவ்வுண்மை கடுமையாக வெளிப்பட்டது. தொழிலாளரே நிலம் வாங்க வேண்டும் என்று துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தொண்ணூறுகளில் நீலாய்ப் பக்கத்துத் தோட்ட நிலங்களில் நகரங்கள் எழுந்தன. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, மலிவுவிலை வரிசை வீடுகளில் குடியேறின. வரிசை வீடு என்பதும் இருபுறம் சுவர் ஒட்டிய ஒரு லயமே. வேறுபாடு பத்திரத்தில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததும் இவர்கள் வீட்டைத் திருத்தத் தொடங்கினார்கள். அத்திருத்தங்களைச் சற்று நின்று பார்த்தால் பழைய தோட்டம் அதில் தெரியும். முன்புறம் தகரம் இறக்கி உட்காருமிடம் செய்கிறார்கள். அது அன்றைய அவரைப்பந்தல். நல்ல சமையற்கட்டு உள்ளே இருக்கப் பின்புறம் இன்னொரு சமையற்கட்டை இழுத்துக் கட்டுகிறார்கள். அது தூணடி அடுப்பு. வாயிலருகே சிறு மாடம் எழுப்பிச் சாமியை வைக்கிறார்கள்.

சிரம்பான் புறநகரின் இத்தகைய தெருக்களில் வீட்டு முன்புறத்தை முழுதும் சீமைச்சாந்து பூசிப் பளிங்குக்கல் பதிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. தோட்டத்திலிருந்து வந்த முதியவர் உள்ள வீட்டில் மட்டும், வாயிற்கதவை ஒட்டி ஒரு மூலையிலே இரண்டடிச் சதுரம் பூசாமல் விடப்பட்டிருக்கும். கொத்தனாரிடம் சொல்லி விடச்செய்த மண் அது. அதில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நிற்கும்.